திங்கட்கிழமை விழுந்த சனிக்கிழமை முத்திரை

முப்பத்து மூன்று ஆண்டுகள் மூன்றாம் சன்னலின் முகமாய் விளங்கியவரும், முன்கோபத்துக்கும் முறையான வேலைக்கும் ஒருங்கே பெயர் பெற்றவருமான பதிவுத் தபால் எழுத்தர், எங்கள் மூன்றாம் நம்பர் அக்கா அவர்களுக்கு, உடன் பணியாற்றிய அஞ்சலக ஊழியர்கள் தலை குனிந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

அன்பு அக்கா!

"பணியையே அணியாய்ப் பூண்ட பண்பின் பெட்டகமே" என்றுதான் முதலில் தொடங்கியிருந்தோம். போன வாரம் அந்தத் தாள் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதெல்லாம் யாரைப் பத்திப்பா? உண்மையா எழுத முடிஞ்சா எழுதுங்க. இல்லேன்னா ஒரு பூச்செண்டு போதும், நான் பாட்டுக்குப் போயிடறேன்" என்றீர்கள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதினோம்.

உழைப்பின் உருவே! "உக்காந்த இடத்துல ஸ்டாம்ப் ஒட்டுற வேலை, மாசமானா சம்பளம்" என்று வரிசையில் நிற்பவர்கள் வாய்க்கு வந்தபடி பேசும் வேலை நமது வேலை. அதில் நீங்கள் தபாலை நிறுத்து, எண்ணிட்டு, ரசீது தந்து, எழுதத் தெரியாதவருக்குப் பணவிடைப் படிவம் நிரப்பி, சேமிப்புப் புத்தகத்தில் வட்டி ஏற்றி, முதியவரின் நடுங்கும் பெருவிரலைப் பிடித்து ரேகை வைத்து, மாலையில் பைகளைக் கட்டி அரக்கு வைத்து அனுப்பினீர்கள். அதற்குக் கிடைத்த சம்பளம் வீட்டு வாடகைக்கும், இரண்டு பெண்களின் படிப்புக்கும், உடம்பு முடியாத கணவரின் மருந்துக்குமாக இருபதாம் தேதி வரை தாக்குப்பிடித்தது. மீதி நாட்களை எப்படி ஓட்டினீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை, எங்கள் வீட்டிலும் அதே கதைதான். எழுத்தர் வாழ்வில் ஏற்றம் என்றால் ஆண்டுக்கொரு ஊதிய உயர்வு, அப்புறம் ஆயுளுக்கு ஒரே ஒரு பதவி உயர்வு. அந்த இரண்டையும் உங்களிடமிருந்து நாங்கள் பறித்தோம்.

கடமையின் காவலரே! தபால் மேல் குத்தும் முத்திரையில் தினமும் காலையில் தேதியை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு அடையாளமாகப் பதிவேட்டில் ஒருமுறை குத்திக் கையெழுத்திட வேண்டும். வாரம் ஒருவர் முறை. ஆனால் எட்டரைக்கே வந்துவிடும் நீங்கள், யார் முறையானாலும் நீங்களே மாற்றிவிடுவீர்கள். "உங்களை நம்பினா ஊருக்கே நேத்துத் தேதிதான்" என்று திட்டிக்கொண்டே மாற்றுவீர்கள். அந்தத் திட்டு எங்களுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, கணவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுப் பத்தரைக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். தலைமை அலுவலரிடம் வாய்மொழியாக அனுமதி வாங்கியிருந்தீர்கள். அதற்குள் இருநூறு தபால்களுக்கு மேல் குத்தித் தள்ளியிருந்தோம், எல்லாவற்றிலும் சனிக்கிழமைத் தேதி. அக்கா மாற்றியிருப்பார் என்று ஐந்து பேரும் நினைத்தோம். "அக்கா, ஒரு கையெழுத்து" என்று பதிவேட்டை நீட்டியதும், தோள்பையைக்கூட இறக்காமல், பக்கத்தைப் பார்க்காமல் போட்டீர்கள். எங்களை நம்பிப் போட்டீர்கள்.

அந்தக் குவியலில் பத்தொன்பது வேலை விண்ணப்பங்கள் இருந்தன. அவற்றுக்குக் கடைசி நாள் சனிக்கிழமை. காசு வாங்கிக்கொண்டு முன்தேதி போட்டார்கள் என்று புகார் போனது, விசாரணை வந்தது. ஐந்து பேரும் தனித்தனி அறையில் ஒரே வாக்கியத்தை எழுதிக் கொடுத்தோம்: "முத்திரையில் தேதி மாற்றுவது மூன்றாம் சன்னல் எழுத்தரின் வழக்கம்." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த வாரம் யார் முறை, நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டோம். அனுமதி தந்த அலுவலருக்கு ஞாபகம் இல்லாமல் போயிற்று. முறைப்பட்டியல் எழுதியிருந்த கரும்பலகையும் அழிந்திருந்தது.

நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், ஆனால் கையெழுத்து உங்களுடையது. மூன்றாண்டு ஊதிய உயர்வு போயிற்று, பதவி உயர்வு போயிற்று. பணிப்புத்தகத்தில் "நேர்மை ஐயத்துக்குரியது" என்று ஏறிற்று. "இந்தம்மாதான், தேதி போடக் காசு வாங்குனது" என்று உங்கள் சன்னல் முன்னாலேயே கிசுகிசுத்தார்கள். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த சின்ன மகள் அதைக் கேட்டுவிட்டு, பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடினாள். நாங்கள் குனிந்து தபால் பிரித்துக்கொண்டிருந்தோம். அன்று மாலை எங்களிடம் ஒன்றுதான் சொன்னீர்கள்: "அஞ்சு பேரும் ஒரு எழுத்துக்கூட மாறாம எழுதியிருக்கீங்களே, பரீட்சையில காப்பியடிச்சாக்கூட இவ்வளவு சுத்தமா வராது."

பொறுமையின் பேருருவே என்று உங்களை அழைக்க மாட்டோம். நீங்கள் பொறுக்கவில்லை. ஓராண்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதுவே எங்களுக்குக் குறைந்த தண்டனை.

இதுவரை "நாங்கள்" என்று வாசித்துவிட்டேன் அக்கா. இனி அப்படி வாசிக்க வெட்கமாக இருக்கிறது. அந்த வாரம் முறை என்னுடையது. பதிவேட்டை நீட்டியதும் கரும்பலகையைத் துடைத்ததும் நான். உங்களுக்கு வரவேண்டிய தலைமை எழுத்தர் நாற்காலி எனக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகளாக உங்கள் விடுப்புக் கடிதங்களில் "அனுமதிக்கலாம்" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதி, ஐவரும் கையெழுத்திட்டு, இதோ மேடையில் அமர்ந்திருக்கும் கோட்ட அதிகாரியிடம் இன்று காலை கொடுத்துவிட்டோம். உங்கள் பணிப்புத்தகத்து வரியை அடிக்க வேண்டும், இழந்ததைச் சேர்த்து ஓய்வூதியம் கணக்கிட வேண்டும், எங்கள் மேல் என்ன நடவடிக்கையோ அதை எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். இதற்கு உங்கள் கடைசி நாள் வரை காத்திருந்ததும் கோழைத்தனம்தான். நாளை முதல் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற பிறகே எங்களுக்குத் துணிவு வந்தது.

வாழ்த்த எங்களுக்கு வயதுண்டு, வாய்தான் கூசுகிறது. ஆனாலும் வாழ்த்துகிறோம்: நோயின்றி, மருந்துக் கடை வாசல் மிதிக்காமல், பெண்களும் பேரப்பிள்ளைகளும் சூழ, நினைத்தபோதெல்லாம் எங்களைத் திட்டும் தெம்போடு நூறாண்டு இருங்கள். மன்னிப்பை இந்தக் கூட்டத்தில் வைத்துக் கேட்டு உங்களை இக்கட்டில் மாட்டிவிட மாட்டோம்.

மடலுக்குச் சட்டம் போட்டிருக்கிறோம். இதை உங்கள் வீட்டுச் சுவருக்குத் தரப்போவதில்லை. அதிகாரியின் அனுமதியோடு மூன்றாம் சன்னலுக்கு மேலே, வரிசையில் நிற்கும் எல்லாரும் படிக்கும்படி மாட்டப்போகிறோம். ஆணி அடித்தாயிற்று.

இவண்,
குற்றம் செய்த தலைமை எழுத்தரும்,
கூடவே வாய்மூடி இருந்த நால்வரும்.