பொம்மைத் துப்பாக்கியின் பூர்வீகம்

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை, இன்ஸ்பெக்டர். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

முப்பத்தோரு வருடமாக அருங்காட்சியகத்தில் ஆயுதப் பிரிவு என் பொறுப்பு. பழைய வாள், பழைய துப்பாக்கி எது வந்தாலும் அதிலுள்ள குறிகளைப் படித்து, எங்கே, எப்போது, யார் செய்தது என்று எழுதிக்கொடுப்பேன். உலோகம் தானாகப் பொய் சொல்லாது. சொல்லவைக்க ஆள் வேண்டும்.

என் அக்காவின் கணவர் டயர் கடை வைத்திருக்கிறார். குரலை வைத்து அவருக்குப் பீரங்கி என்று பட்டப்பெயர். அவர் வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பழைய சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி தொங்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நானும் மனைவியும் அங்கே சாப்பிடப் போவோம். அவரும் தவறாமல், தன் கொள்ளுத்தாத்தா அதை வைத்துக் கொள்ளைக்காரனைச் சுட்ட கதையைச் சொல்வார். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் கொள்ளைக்காரன் ஒருவன்தான். அவளுக்கு மகன் பிறந்தபோது மூன்று பேர். பேத்திகள் வந்த பிறகு ஏழு. ஒரு தடவைக்கு ஒரு குண்டு போகிற துப்பாக்கி அது. ஒரே குண்டில் ஏழு பேர் விழுந்தார்கள் என்றால் வரிசையில் நின்றிருக்க வேண்டுமே என்று ஒருமுறை சொன்னேன்.

"மச்சான், நீ பேப்பர் பரம்பரை. நாங்க வெடிமருந்துப் பரம்பரை. உனக்கு இதெல்லாம் புரியாது," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது என்பது மட்டும் ஆறு வருடமாக நினைவிருக்கிறது.

போன வருடம் அவரே துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். "இதுல இருக்கிற குறியெல்லாம் படிச்சு ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடு மச்சான். சட்டம் போட்டு மாட்டணும்." வலிய வந்து தலையைக் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

குழாயைக் கட்டையிலிருந்து கழற்றினேன். அடிப்பக்கத்தில், குழாயைச் சுட்டுப் பார்த்துத் தேறியதற்கு அடையாளமாக இரண்டு சோதனை முத்திரைகள். கையால் அடித்தவை; ஒன்று சற்றே சாய்ந்திருந்தது. பக்கத்தில் செய்தவன் பெயரின் முதலெழுத்துகள். இருநூறு வருடத்துக்குக் குறையாது. அசல். மனுஷர் ஏழு பேர் விஷயத்தில்தான் பொய் சொல்லியிருந்தார். துப்பாக்கி விஷயத்தில் இல்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அடுத்து நான் செய்ததை நீங்கள் குற்றம் என்கிறீர்கள். திருத்தம் என்பது என் எண்ணம். எண் பொறிக்கும் உளிகள் என் மேசை இழுப்பறையிலேயே இருக்கின்றன. முத்திரைகளுக்குக் கீழே நாலு இலக்க எண் ஒன்றும் சின்ன மீன் ஒன்றும் அடித்தேன். உப்புத் தண்ணீர் தடவி ஒரு வாரம் துருவேற விட்டேன். அந்த மீன், நாடகக் கம்பெனிகளுக்காகப் பழைய துப்பாக்கிகளை நகல் செய்து விற்ற ஒரு பட்டறையின் குறி என்றும், சாய்ந்த முத்திரைகூட அங்கே வேண்டுமென்றே சாய்த்து அடித்தது என்றும் அறிக்கை எழுதினேன். நாற்பது வருடத்துக்கு முன்பு மூடிய பட்டறை. அப்படி ஒரு பட்டறை கிடையாது. ஆனால் அதன் முதலாளிக்கு இரண்டு மனைவிகள் என்பதுவரை எனக்குத் தெரியும். மொத்தம் பதினோரு பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல அறிக்கை அது. வேண்டுமானால் ஒரு பிரதி தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அதை வாசித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ எங்கப்பா சொன்னது?" என்று மட்டும் கேட்டார் பீரங்கி.

"அவரும் கேள்விப்பட்டதைத்தானே சொல்லியிருப்பார், அத்தான்," என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. கரண்டி வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. கடையிலும் அவர் யாருடனும் பேசுவதில்லையாம். "உப்பு பத்தலன்னுகூட வாய் திறந்து சொல்ல மாட்டேங்கிறார்டா தம்பி," என்று அக்கா அழுதாள். உப்பு குறைவது உடம்புக்கு நல்லது என்றேன். துப்பாக்கி சுவரிலிருந்து இறங்கி, பேத்திகளின் விளையாட்டுச் சாமான் கூடைக்குப் போனது.

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. கழற்றிய அன்றே குழாயின் வாய்வழியாக அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தேன், எப்போதும் செய்வதுதான். வெளியே ஒன்பது அங்குலம் இருக்கிற குழாய்க்குள் குச்சி ஏழே முக்காலில் நின்றுவிட்டது. அப்படி நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்று பொருள். எடுத்திருக்கலாம். எடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். நாடகத்துக்குச் செய்த பொம்மைக்குள் யார் குண்டு போட்டு வைப்பார்கள்? பதினோரு பக்கமும் பாழ். மேலும், சக்கிமுக்கிக் கல் தேய்ந்து போயிருந்தது. ஆற அமர யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஆபத்து மிகக் குறைவு.

போன ஞாயிறு அத்தான் பல மாதத்துக்குப் பிறகு முகம் மலர்ந்து மேசைக்கு வந்தார். கையில் துப்பாக்கி. "பிள்ளைங்களுக்காகப் புதுக் கல்லு மாட்டியிருக்கேன். கல்லு உரசுற இடத்துல தீக்குச்சி மருந்தும் கொஞ்சம் சுரண்டி வெச்சிருக்கேன். பொறி பறக்கும் பாருங்க," என்று கல் மாட்டிய சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, பேத்திகளுக்கு நேரே நீட்டினார். "கையைத் தூக்குங்கடி."

இரண்டும் கையைத் தூக்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தன. நான் தண்ணீர் குடித்தேன்.

பிறகு என் பக்கம் திருப்பினார்.

நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை; எனக்கு முழங்கால் மடங்காது என்று டாக்டரே எழுதிக்கொடுத்திருக்கிறார். நான் பாய்ந்ததில் திடுக்கிட்டு அத்தான் விசையை அழுத்திவிட்டார். குண்டு என் நாற்காலியின் முதுகைத் துளைத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜுக்குள் நின்றது. ஃபிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது என்று கேள்வி.

புகைக்குள்ளிருந்து முதலில் வந்தது அத்தானின் குரல். "அசல்டா மச்சான். இது அசல்டா. கொள்ளுத்தாத்தா போட்டு வெச்ச மருந்துடா." தெருவே திரண்டது. நீங்கள் வந்து சேர்வதற்குள் கொள்ளைக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஆகியிருந்தார்கள்.

அக்கா மட்டும் குனிந்து மேசைக்கு அடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்மைக்கு யாரும் இப்படிப் பதுங்க மாட்டாங்க. உள்ள குண்டு இருக்குன்னு உனக்குத் தெரியும். பிள்ளைங்க பக்கம் நீட்டினப்போ ஏன்டா வாயைத் திறக்கல?"

நியாயமான கேள்வி. அதனால் யோசித்துத்தான் பதில் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.