மண்சரிவுப் பலகையும் முதலாம் இடமும்

எனக்கு உளுந்து வடை பிடிக்கும், ஐயா. எங்கள் கல்விக் கோட்டத்தில் ஐந்து பாடசாலைகள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைச் சராசரிப்படிதான் கூட்டத்தில் பாடசாலை அதிபர்களை வரிசையாக உட்கார வைப்பார்கள். வடைத் தட்டு முதல் நாற்காலியிலிருந்து வரும். கடைசி நாற்காலி என்னுடையது. எனக்கு வந்து சேர்வது சட்னி மட்டும். "சட்னியும் நல்ல சத்துதான் சார்" என்றார் முதல் நாற்காலி லூக்காஸ். மனிதனுக்கு ரோஷம் இருக்காதா?

நான் சோம்பேறியல்ல. சனி, ஞாயிறும் படிப்பித்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகள், அதாவது லயங்கள், இரண்டு. கீழ் லயத்துப் பிள்ளைகள் ஏழு பேரும் தங்கம். மேல் லயத்துப் பிள்ளைகளுக்கு, என்ன செய்தும் வகுத்தல் கணக்கு மண்டையில் ஏறவில்லை. ஆனால் பாருங்கள், கீழ் லயத்துக்குப் பின்னால்தான் மலையில் வெடிப்பு. மழை தொடங்கியதும் மண்சரிவு அபாயப் பலகை நட்டுவிட்டார்கள். சனம் மூட்டை கட்டியது. உறவுக்காரர் தோட்டங்களுக்குப் போய்விட்டால் என் ஏழு பேரும் பரீட்சைக்கு வரமாட்டார்கள்.

பலகையைப் பிடுங்கி மேல் லயத்துப் பாதையில் நட்டேன். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்த பிறகு அந்தப் பலகையைத் தாண்டி யாரும் பிள்ளையை அனுப்புவதில்லை. பரீட்சைக்கு வராதவர்களைச் சராசரியில் சேர்ப்பதுமில்லை. கீழ் லயத்தில், "ஆபத்து மேல் பக்கம்தானாம், ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றேன். "சார் சொன்னா சரிங்க" என்று, என் ஏழு பேரில் ஒருத்தியின் தாய் விஜயலெட்சுமி, கட்டிய மூட்டையை அவிழ்த்தார்.

பரீட்சையன்று கீழ் லயத்துப் பெற்றோர் பிள்ளைகளோடு வந்து பாடசாலையிலேயே காத்திருந்தார்கள். விஜயலெட்சுமி மட்டும், மகள் சிவசக்தி எழுதிவிட்டு வந்து சாப்பிடக் கோழிக்கறி ஆக்கவேண்டும் என்று வீட்டில் நின்றுவிட்டார்.

முதல் வினாத்தாள் முடிந்த இடைவேளையில் காவலாளி வீரய்யா ஓடிவந்தார். "சார், கீழ் லயம் மண்ணுக்குள்ள போயிருச்சுங்க."

"மெதுவாப் பேசுங்க. பிள்ளைங்க கலங்கிடும். பெத்தவங்கள மட்டும் பின்பக்கமாக் கூட்டிட்டுப் போங்க."

சிவசக்தி தண்ணீர் குடிக்க வந்தாள். "சார், என்னமோ பெரிய சத்தம் கேட்டுச்சே?"

"இடிம்மா. உள்ள போய் ரெண்டாம் பேப்பர எழுது."

எழுதினாள். கோட்டத்திலேயே கூடிய புள்ளி அவளுடையது. சராசரியிலும் நாங்கள்தான் முதலாம் இடம்.

விஜயலெட்சுமியை மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள். அழுதேன், ஐயா, நடிப்பில்லை. ஆமாம், பலகையைப் பிடுங்கியது நான்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அன்றைக்குப் பரீட்சை இல்லாவிட்டால் அந்த ஏழு பிள்ளைகளும் லயத்தில்தான் இருந்திருப்பார்கள். அவர்களைக் காப்பாற்றியதும் நான்தான்.