ராசியான கம்ப்யூட்டர்

"ராசியான கம்ப்யூட்டரை எவனாச்சும் மாத்துவானா, மாப்ள?"

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகும் டவுன் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் இப்படிக் கேட்டார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸின் முதலாளி என்பது பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

"பழசு, பழசுன்னு எத்தனை தடவை சொன்னேன் அத்தான். இப்ப செத்துப்போச்சு. உள்ள இருந்த டிசைன் ஒண்ணுகூடத் தேறல."

"அது வந்த வருசந்தான் மொதப் பெரிய ஆர்டர் கெடச்சுச்சு. ஆயுதபூசைக்கு அச்சு மெசினுக்கு முன்னாடி அதுக்குத்தான் சந்தனம் வைப்பேன்."

"வச்சீக. காத்துப் போற ஓட்டைக்குள்ளயும் அப்புனீக."

அடுத்தவர் பேச்சில் தலையிடுவது என் வழக்கமில்லை. ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன்.

"டிசைன் போட்ட ராணி படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. இது என்னைக்காச்சும் நின்னுரும், எல்லாத்தையும் வேற எடத்துல காப்பி எடுத்து வைப்போம்னு. கேட்டீகளா?"

"பூசையன்னைக்கு, அம்புட்டுப் பேரு முன்னால, நின்னுரும்னு சொன்னா. அபசகுனம்."

"அதுக்கு வேலைய விட்டுத் தொரத்துனீக. இப்ப சீசன் ஆர்டர் பூராம் நிக்கிது. எல்லாத்தையும் ஞாபகத்துல வச்சுத் திரும்பப் போட அந்தப் பிள்ளைய விட்டா ஆளில்ல."

விஸ்வநத்தம் வந்தது. தம்பி எழுந்தார். முதலாளி சீட்டை விட்டு அசையவில்லை.

"நீ போயிக் கேளு. நான் இதே பஸ்ஸுல திரும்பிப் போறேன்."

"ராணி வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு இதென்ன அத்தான்? நீங்க கேக்காம அது எப்படி வரும்?"

"என்னையப் பாத்தா கதவத் தெறக்க மாட்டா, மாப்ள."