யாரு அங்கன மொணங்குதா?

ரீபா: கட்டிலுக்கு அடியில கேமராவக் காட்டச் சொல்லியிருக்காம்லே! அலமாரியத் தொறன்னானாம்! களவாணியப் புடிக்க வந்த போலீஸா அவன்?

பெனோ: அக்கா… ராத்திரி பூரா பஸ்ஸுல குத்த வச்சி பெங்களூர்ல இருந்து வந்திருக்கேன். காப்பியாவது குடிக்க விடு.

ரீபா: குடி. குடிச்சிக்கிட்டே கேளு. உங்க கம்பெனி இன்டர்வியூலே இது.

பெனோ: எங்க கம்பெனியில நூறு பேரு இன்டர்வியூ எடுக்கான். நான் என்னத்தக் கண்டேன்?

பாக்கியவதி: ஏட்டி ரீபா, ஸ்கூல்ல கத்துத, சாயங்காலம் சர்ச் ஹால்ல கத்துத, வீட்டுலயுமா? புள்ள இப்பதான வந்திருக்கான்.

ரீபா: எம்மா, நீயும் வந்து உக்காரு. தஸ்மியாவத் தெரியும்லா? மேலப்பாளையத்துல இருந்து நம்ம ஹாலுக்கு எங்கிட்டக் கோடிங் படிக்க வருவாளே.

பாக்கியவதி: ஆசியா உம்மாள் மவளா? பீடி சுத்திப் படிக்க வைக்காளே, அந்த அம்மா மவதான?

ரீபா: அவளேதான். லேப்டாப்புல இன்டர்வியூ. வீட்டுல இருந்தே. அவன் கேமராவப் போடல, வெறும் கருப்புக் கட்டம். ஒரு பட்டியல் முடியாம சுத்திச் சுத்தி வருதான்னு எப்படிக் கண்டுபிடிப்பன்னு கேட்டிருக்கான்.

பாக்கியவதி: அது என்னட்டி கேள்வி?

ரீபா: அவ சொன்ன பதிலக் கேளு, உனக்கே புரியும். 'ஒருத்தியப் பைய நடக்க விடுங்க, ஒருத்திய ஓட விடுங்க. பாதை வட்டமா இருந்தா, ஓடுதவ பின்னால வந்து நடக்கவள இடிச்சிருவா.' படக்குன்னு சொல்லிட்டா.

பாக்கியவதி: அட! சரிதான?

ரீபா: சரியாச் சொன்னதுதான் தப்பாப் போச்சு. பக்கத்துல யாரோ சொல்லிக் குடுக்காங்கன்னு ஆரம்பிச்சிட்டான்.

பெனோ: அப்படி நடக்கத்தான்க்கா செய்யுது. ஆள உக்கார வச்சி வாயசைக்கிறவன் எத்தனை பேரு…

ரீபா: நான் முடிக்கல. அடுத்த அறையில ஆசியா உம்மாள் மவளுக்காக துவா ஓதியிருக்கா. மெல்லத்தான். அது கேட்டுருச்சு அவனுக்கு. அதுவரைக்கும் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுனவன், கோவம் வந்ததும் என்ன கேட்டான் தெரியுமா? 'யாரு அங்கன மொணங்குதா?'

பாக்கியவதி: அங்கனயா? அப்போ நம்ம ஊருக்காரப் பயலா அவன்!

பெனோ: பெங்களூர்ல பாதிப் பேரு நம்ம ஊருக்காரன்தாம்மா. வள்ளியூரு, நாங்குநேரின்னு…

ரீபா: உம்மா ஓதுதாங்கன்னு சொல்லியிருக்கா. காதுலயே வாங்காம கட் பண்ணிட்டான். 'மால்பிராக்டிஸ்'னு எழுதியும் வச்சிட்டான். அவ மட்டும்னா பரவாயில்ல. எங்கிட்டப் படிச்ச ஒருத்தரையும் இனி கூப்பிட மாட்டாங்களாம். மொத்த ஹாலுக்கும் சேத்துப் பூட்டு!

பெனோ: ஹாலுக்குமா? நான் அப்படி…

ரீபா: நீ அப்படி?

பெனோ: …இல்ல, அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்களேன்னு சொல்ல வந்தேன்.

ரீபா: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுலே.

பெனோ: என்னத்தச் சொல்ல?

பாக்கியவதி: ஏட்டி, நீ என்ன அவனப் போயி… பெனோ? லே, ஏன் தலையக் குனியுத?

பெனோ: ஹாலையும் சேத்து நிறுத்துவாங்கன்னு தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது.

பாக்கியவதி: ஐயோ கர்த்தரே…

ரீபா: மேலப்பாளையத்துப் பயலுவ கூடத்தானலே பன்னெண்டாப்பு வரைக்கும் படிச்ச? பெருநாளுக்கு அவனுவ வீட்டுலதான கெடப்ப? துவா ஓதுத சத்தம் எதுன்னு தெரியாதா உனக்கு?

பெனோ: …தெரிஞ்சுது.

ரீபா: தெரிஞ்சுதா!

பெனோ: முதல்ல தெரியலக்கா. அவ சொன்னதும் தெரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள வாய விட்டுட்டேன். பக்கத்துல இன்னொருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான். போன தடவை வள்ளியூர்ப் பையன் ஒருத்தன எடுத்ததுக்கே மேனேஜர் எல்லாரு முன்னாலயும், 'என்ன பெனோ, சொந்தக்காரனா?'ன்னு சிரிச்சான். இவ ரெஸ்யூம்ல உன் பேரு வேற இருக்கு. எடுத்தா என்னச் சும்மா விடுவானுவளா?

ரீபா: அப்போ 'எனக்குத் தெரிஞ்ச எடம், வேற ஆளப் போடுங்க'ன்னு ஒதுங்கியிருக்கணும்லா? நீ யோக்கியன்னு காட்டுறதுக்கு அவளக் கள்ளி ஆக்கணுமா?

பாக்கியவதி: லே, உனக்குப் பரீட்சைன்னா ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில நின்னு ஜெபம் பண்ணுவேனே. எவனாவது வந்து, 'இந்தப் பொம்பள பதில் சொல்லிக் குடுக்கா'ன்னு உன்ன வெளிய தள்ளுனானா?

பெனோ: எம்மா, நீ வேற…

பாக்கியவதி: எல்லாத் தாயும் ஒண்ணுதாம்லே செய்யுதா. அவ ஓதுனா, நான் ஜெபிச்சேன். அதுல உனக்கு மொணங்கலாக் கேட்டுருச்சோ?

பெனோ: …அந்தப் புள்ளைக்கு நான்னு தெரியுமா?

ரீபா: தெரியாம? போன டிசம்பர்ல ஹாலுக்கு வந்து, 'பயப்படாம பேசுங்க, நம்ம ஊருப் புள்ளைய யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல'ன்னு மைக்கப் புடிச்சி முழங்குனியே. முதல் வரிசையில உக்காந்து கேட்டவ அவ. உன் குரல மறப்பாளா?

பெனோ: அவளாச் சொன்னா?

ரீபா: எங்க சொன்னா! கிளாஸுக்கும் வரல. வீட்டுக்குத் தேடிப் போயி உக்காந்த பெறவுதான் வாயத் தொறந்தா. 'உங்களுக்கு வருத்தமா இருக்கும்னுதான் சொல்லல மிஸ்'ங்கா. எனக்கு எங்கன போயி முட்டிக்கிடலாம்னு இருந்துச்சு.

பாக்கியவதி: பெனோ, என்ன செய்யப் போற? அதச் சொல்லு.

பெனோ: ஒரு மாசம் போகட்டும்மா. எனக்கு இப்ப பதவி உயர்வு நேரம். அது முடிஞ்சதும் நானே பைய எழுதிச் சரி பண்ணிருதேன்.

பாக்கியவதி: ஒரு மாசம் அந்தப் புள்ள கள்ளிப் பட்டத்தோட கெடக்கணுமா?

பெனோ: உனக்குப் புரியாதும்மா. இப்ப நானாப் போயி சொன்னா என் வேலையே போனாலும் போயிரும். அக்கா, நீயாவது சொல்லேன். ஒரே ஒரு மாசம். பெறவு கண்டிப்பா எழுதுதேன்.

ரீபா: நீ எழுத வேண்டாம்லே. நேத்து மத்தியானமே உங்க ஆபீஸுக்கு நான் எழுதிட்டேன், இன்டர்வியூ எடுத்தவன் என் கூடப்பொறந்த தம்பி பெனோன்னு. அவங்க கேக்கதுக்கு முந்தி நீயே அவங்ககிட்டச் சொல்லிருவன்னுதான் இவ்வளவு நேரமும் உங்கிட்டத் தொண்டை வத்தக் கத்துனேன்.