அரிசி டப்பாவில் கிடைத்த செயின்

ஆவடி ரயிலில் கொரட்டூரில் ஏறிய இருவரில் ஒருவனுக்கு வலது கையில் மாவுக்கட்டு. நண்பன் அவனுக்குச் சமோசா ஊட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா செயினு அவங்க ஊட்டு அரிசி டப்பாலயே கெட்ச்சிச்சாம் மாமே. வேல செய்ற அக்கா சொல்லுச்சு."

"இன்னாடா சொல்ற? நீதான் திருடுனேன்னு ஒத்துகினியே!"

"அந்த அடிக்கு ஒத்துக்காம? எந்தக் கடைல வித்தேன்னு கேட்டாங்க, வாய்க்கு வந்த கடப்பேர சொன்னேன். போலீசு அங்க போயி ஒரு செயின வாங்கினு வந்து, அந்தம்மா கைல குட்த்துட்டாங்க."

"அடிச்சாங்கன்னு ஜட்ஜாண்ட சொல்றதுதானே?"

"அவரும் கேட்டாரு. அடிச்சவங்க பின்னாடியே நிக்கிறாங்க. பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னேன். பாத்து நடப்பான்னாரு."

இருவரும் சிரித்தார்கள்.

"இப்ப கேசு?"

"நடந்துகினுதான் கீது."

"அந்தம்மாவ கோர்ட்டுல வந்து சொல்லச் சொல்லு மச்சான். அத்தோட முடிஞ்சிரும்."

"போய்க் கால்லயே விழுந்தேன். ரெண்டு செயினையும் கழுத்துல மாட்டிகினு, எந்த செயினுப்பா கெட்ச்சிச்சுன்னு என்னையே கேக்குது."