எட்டு நொடி வரும் அடையாள அட்டை

ஃபேன் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள், ஆற அமரச் சொல்கிறேன்.

அந்த சூப்பர் ஹீரோ படத்தில் சுவர் நோட்டீஸ், கார் நம்பர் பலகை, மருந்துப் புட்டி லேபிள் எல்லாம் என் கைவேலை. ஹீரோ பறக்கும்போது பின்னால் தெரியும் கடைப் பலகையில், அவன் அம்மா இறந்த தேதி இருக்கும். ரசிகர்கள் படத்தை நிறுத்தி நிறுத்தி இதையெல்லாம் தேடி, இணையத்தில் பட்டியல் போடுவார்கள். வேலைவெட்டி இல்லாத கூட்டம்தான். ஆனால் என் வேலையை உற்றுப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

படத்தின் கலை இயக்குநர் என் தங்கையின் கணவர். அவரை இந்தத் தொழிலுக்குக் கூட்டி வந்தவனே நான். முதல் பாகம் ஓடியதும், அந்த ரகசியங்களையெல்லாம் தானே யோசித்து வைத்ததாக ஒரு பேட்டியில் கூசாமல் சொன்னார். வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"விடுங்க மச்சான், யார் வெச்சா என்ன, எல்லாம் ஒரே குடும்பம்தானே" என்று சிரித்தார். தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் பாகத்தில் வில்லனின் அடையாள அட்டை எட்டு நொடி வரும். அதில் தங்கை வீட்டு முகவரியை அச்சடித்தேன். நிஜ முகவரி எதுவும் திரையில் வந்துவிடக் கூடாது என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனும் நான்தான். போட்டேன். மாப்பிள்ளை அட்டையைக் கையில் வாங்கி, நிறம் இன்னும் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும் என்றார். தன் வீட்டு முகவரியை அவர் படிக்கவில்லை. நான் செய்த எதையும் அவர் படித்ததே இல்லை.

படம் வெளியான நான்காம் நாள், அந்த அட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று ரசிகர்களின் இணையப் பக்கத்தில் பொய்ப் பெயரில் ஒரு வரி எழுதினேன். என் பங்கு அவ்வளவுதான்.

முதலில் வாசலில் நின்று போட்டோ எடுத்தார்கள். பிறகு ஜன்னலில் கல் விழுந்தது. தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, முகமூடி போட்டுக்கிட்டு யார் யாரோ வந்து நிக்கிறாங்க. அவரும் ஊர்ல இல்ல. பாப்பா பயப்படுறா. நீ வந்து கொஞ்சம் கூட இரேன்."

ரெண்டு நாளில் அடங்கிவிடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

படத்தின் முடிவில் ஹீரோ வில்லன் வீட்டைக் கொளுத்துவான். ஒருவன் அதை அப்படியே செய்தான், பட்டப்பகலில். தங்கைக்கு இரண்டு கையும் வெந்துபோயின, பிழைத்துக்கொண்டாள். உள்ளறையில் தூங்கிய என் மருமகளை எடுக்க முடியவில்லை. ஏழு வயது. கொளுத்தியவன் உங்கள் லாக்கப்பில்தான் இருக்கிறான். அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாவு வீட்டில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தேன். மாப்பிள்ளை என் தோளில்தான் சாய்ந்து அழுதார்.

நேற்று ரசிகர்களின் புதுப் பட்டியல் வந்தது. முதல் வரியே, தன் சொந்த வீட்டு முகவரியைப் படத்தில் ஒளித்து வைத்த கலை இயக்குநர் என்று இருக்கிறது. இதையும் அவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

அதை வைத்தது நான். உங்கள் காகிதத்தில் என் பெயரை முழுதாக எழுதுங்கள், இனிஷியலோடு.