எஃப்.சி.க்கு மாட்டிய டயர்

பள்ளி வேன் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனையில் தேறிவிட்டது என்றால் எவ்வளவு நம்பலாம்?

அன்னூர் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவர், என் மகள் போகும் வேனின் ஓட்டுநர் மனைவி. அவருக்கு என்னைத் தெரியாது.

"எரவல் டயர் மாட்டித்தானுங்கக்கா எங்கூட்டுக்காரரு எஃப்.சி. வாங்குனாரு."

எனக்குப் பகீரென்றது.

"அட, அப்பறம் பழசையே மாட்டிட்டாராக்கும்?"

"உடுவனா? நம்ம புள்ளையும் அதுலதான போவுது! புது டயர் போடற வரைக்கும் சோறாக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். மறுநாளே நாலும் புதுசுங்க."

"சோத்துக்குப் பயந்த மனுசன்!"

மறுநாள் காலை வேன் வந்ததும் குனிந்து பார்த்தேன். நான்கும் புதியவைதான். அப்பாடா என்றிருந்தது.

ஆனால், பிரேக்கை வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.